போனில் வளைவரை, நோட்டில் கணக்கு: நுண்கணிதம் படிக்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் ஒரு கடலோர ஊரில், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வரைபடக் கால்குலேட்டரையும் அதில் ஓடும் சின்னச் சின்ன நிரல்களையும் வைத்து வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் நடத்துவதைக் கேள்விப்பட்டு, பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

வரைபடக் கால்குலேட்டர் என்பது என்ன? நிரல் என்றால் அதில் என்ன செய்வது?

கல்லூரி அண்ணன்மார் வைத்திருக்கும் கேசியோ 991 எண்ணைத்தான் காட்டும், வளைவரை வரையாது. வரைபடக் கால்குலேட்டரில் ஒரு சார்பைக் கொடுத்தால் அதன் படமே திரையில் வரும். கேசியோ 1985-இல் எஃப்எக்ஸ்-7000ஜி என்று முதலில் ஒன்றைக் கொண்டுவந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-81 வந்தது 1990-இல். பிறகு வந்த டிஐ-83-இன் திரையில் அகலத்துக்கு 96, உயரத்துக்கு 64 புள்ளிகள்தான். அந்தச் சின்னத் திரையில்தான் உலகத்தில் பல பிள்ளைகள் நுண்கணிதம் பார்த்தார்கள்.

நிரல் என்பது "இதைச் செய், பிறகு இதைச் செய், பத்து முறை திருப்பிச் செய்" என்று கருவிக்கு நாம் எழுதித் தரும் கட்டளை வரிசை. நுண்கணிதத்துக்குத் தேவையான நிரல்கள் எல்லாம் சிறியவை. எட்டு, பத்து வரிக்கு மேல் போவது அபூர்வம்.

பப்ளிக் பரீட்சையில் கால்குலேட்டரே கிடையாது. ஜேஇஇ-யிலும் கிடையாது. பிறகு எதற்கு இந்த வேலை?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரி மட்டத்தில் எழுதும் ஏபி கால்குலஸ் (நுண்கணிதம்) தேர்வில் 1995 முதல் வரைபடக் கால்குலேட்டர் கட்டாயம். தேர்வில் ஒரு பகுதியை அதை வைத்தே எழுதவேண்டும். அதனால் அங்கே எழுதப்பட்ட நிரல்களில் பல, விடையைச் சீக்கிரம் எடுத்துக் கொடுப்பதற்காகவே எழுதப்பட்டவை. நம் பிள்ளைக்கு அந்த ஆசை வரவே வழியில்லை, ஏனென்றால் தேர்வு அறைக்குள் கருவி கூட வராது. அது ஒரு குறை என்று நான் நினைக்கவில்லை. விடைக்காக இல்லாமல் புரிதலுக்காக மட்டுமே கருவியைத் தொடுகிற வசதி நமக்குத் தானாகவே கிடைத்திருக்கிறது. விடையைப் பிள்ளை கையால் எடுக்கட்டும். விடை ஏன் அப்படி வருகிறது என்பதைக் கருவி காட்டட்டும்.

கீழக்கரையிலிருந்து கேட்கிறோம். மாமா துபாயிலிருந்து ஒரு டிஐ-84 கொண்டுவந்து தந்தார், பெட்டியைப் பிரிக்காமல் இருக்கிறது. பிரிக்கலாமா? இல்லாதவர்கள் வாங்கவேண்டுமா?

இருந்தால் தாராளமாகப் பிரியுங்கள். பொத்தான் உள்ள கருவிக்கு ஒரு நன்மை உண்டு, நடுவில் வாட்ஸ்அப் வராது. ஆனால் அதற்காகப் பணம் கொடுத்து வாங்கச் சொல்லமாட்டேன். அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு வேறு எவ்வளவோ தேவை இருக்கும். வீட்டில் ஒரு ஆண்ட்ராய்டு போன் இருந்தால் போதும். அரசு தந்த விலையில்லா மடிக்கணினி அக்காவிடமோ அண்ணனிடமோ சும்மா கிடந்தால் அது இன்னும் நல்லது.

கேசியோ 991-இன் புதிய வகைகளில் அட்டவணை போடும் வசதி இருக்கிறது. சார்பைக் கொடுத்து, தொடக்கம், முடிவு, இடைவெளி கொடுத்தால் மதிப்புகளை வரிசையாகத் தரும். படம் வராவிட்டாலும் கீழே வரும் பாதி வேலையை அதிலேயே செய்யலாம்.

போனில் எதைப் போடுவது? எங்கள் ஊரில் சிக்னல் வரும், போகும்.

ஜியோஜீப்ரா. சார்பைக் கொடுத்தால் வளைவரையை வரைந்து காட்டும் செயலி. இலவசம், விளம்பரம் கிடையாது, ஒருமுறை ஏற்றிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். நம் மேல்நிலைப் பாடநூலில் பாட இறுதியில் "இணையச் செயல்பாடு" என்று ஒரு பக்கம் வருகிறதே, அது பெரும்பாலும் ஜியோஜீப்ராவை வைத்துத்தான். பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதே வேலையைச் செய்யும் டெஸ்மாஸும் நல்லதுதான், கைக்கு எளிது.

நிரல் எழுதிப் பார்க்கப் பைத்தான் மொழி. பைட்ராய்டு 3 என்ற செயலி போனிலேயே நெட் இல்லாமல் அதை ஓட்டும். வேறெதுவும் வேண்டாம். செயலிகளைக் குவித்தால் கவனம் சிதறும்.

வகைக்கெழு என்றால் சாய்வு என்று புத்தகத்தில் இருக்கிறது. மனதில் ஒட்டவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பாம்பன் சாலைப் பாலத்திலிருந்து. 1988-இல் திறந்த பாலம், இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கீழே படகு போவதற்காக நடுவில் உயர்ந்திருக்கும். மண்டபத்திலிருந்து பஸ் ஏறும்போது சாய்வு நேர்க்குறி. உச்சியில், ரயில் பாலத்தைப் பார்க்க எல்லோரும் வண்டியை நிறுத்துகிற அந்த இடத்தில், சாய்வு பூச்சியம். பாம்பன் பக்கம் இறங்கும்போது எதிர்க்குறி.

இதைச் சொல்லிவிட்டு, "சரி, பாலத்தின் உயரத்தை ஒரு படமாக வரை. அதற்குக் கீழே சாய்வை இன்னொரு படமாக வரை" என்பேன். பத்தில் ஏழு பேர் இரண்டாவது படத்திலும் அதே மேட்டைத்தான் வரைவார்கள். ஏறினால் ஏறு, இறங்கினால் இறங்கு என்று கை போய்விடுகிறது. இந்த இடத்தில் கருவி உதவுகிறது. ஜியோஜீப்ராவில் 4எக்ஸ் - எக்ஸ்² வரையச் சொல்லி, வளைவரை மேல் ஒரு புள்ளி வைத்து, அதில் தொடுகோடு போட்டு, புள்ளியை விரலால் நகர்த்தச் சொல்வேன். சாய்வின் மதிப்பு 4, 3, 2, 1, 0 என்று குறைந்துகொண்டே வந்து -1, -2 என்று போகும். பாலம் ஏறிக்கொண்டிருக்கும்போதே சாய்வு இறங்கிக்கொண்டிருக்கிறது! கீழ்ப்படத்தில் வருவது மேடு இல்லை, இறங்கும் ஒரு நேர்கோடு, 4 - 2எக்ஸ். அதைப் பார்த்த கணத்தில் பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் பல வருடமாகப் பார்க்கிறேன். இப்போதும் அலுக்கவில்லை.

முதலில் எந்த நிரலை எழுத வேண்டும்?

வெட்டுக்கோட்டுச் சாய்வு நிரல். வளைவரையின் இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் கோடுதான் வெட்டுக்கோடு. சார்பை எழுதிக்கொள். எந்தப் புள்ளி என்று கேட்டு வாங்கு. ஹெச் என்ற இடைவெளியை 1 என்று வை. பிறகு, சார்பின் மதிப்பை அந்தப் புள்ளியிலும் ஹெச் தள்ளியும் கண்டுபிடித்து, கழித்து, ஹெச்சால் வகுத்து, திரையில் எழுது. ஹெச்சைப் பத்தால் வகுத்துக்கொண்டு மறுபடி செய். ஐந்தாறு முறை போதும்.

எக்ஸ்² என்ற சார்புக்கு 3 என்ற புள்ளியில் ஓட்டினால் 7, 6.1, 6.01, 6.001 என்று வரும். சூத்திரம் தெரிந்தவன் "ஆறு" என்று உடனே சொல்லிவிடுவான். ஆனால் ஆறு வருவதற்கு முன்னால் ஆறுக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த எண்களைப் பார்த்தவனுக்குத்தான் "எல்லை" என்ற சொல்லின் பொருள் தெரியும். வால் போல ஒட்டிக்கொண்டிருக்கும் 0.001 எங்கிருந்து வந்தது என்று தாளில் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 6 + ஹெச் என்று விடை வரும். எந்திரம் காட்டியதைத் தாள் விளக்கிவிடும்.

என் வகுப்பில் மாறாத ஒரு விதி உண்டு. பொத்தானை அழுத்துமுன் என்ன வரும் என்று நோட்டில் பென்சிலால் எழுதவேண்டும். "என் ஊகம்" என்று ஒரு பத்தி, "வந்தது" என்று ஒரு பத்தி. ஊகம் தப்பாகப் போனால் அழிக்கக்கூடாது. தப்பிய ஊகம் இருக்கும் வரிகளைத்தான் மறுநாள் நாங்கள் எடுத்துப் பேசுவோம்.

ஹெச்சை இன்னும் இன்னும் சின்னதாக்கினால் விடை இன்னும் சரியாக வருமா?

வராது. ஒரு அளவுக்குப் பிறகு கெட்டுப்போகும்.

1-இலிருந்து காஸ் எக்ஸைக் கழித்து, எக்ஸ்²-ஆல் வகுத்துப் பாருங்கள். எக்ஸ் பூச்சியத்தை நெருங்கும்போது எல்லை அரை என்று கையால் நிறுவலாம். கருவியில் எக்ஸ் 0.1 என்றால் 0.49958 வரும். 0.01 என்றால் 0.499996. நன்றாகத்தானே போகிறது என்று எக்ஸை ஒன்றின் கீழ் பத்துக் கோடி என்று வைத்தால் திரையில் 0 வந்து நிற்கும்!

ஏன்? அந்த இடத்தில் காஸின் உண்மையான மதிப்பு 0.99999999999999995. போன் ஏறத்தாழ 16 இலக்கம்தான் நினைவில் வைக்கும். அதனால் இதை 1 என்று எடுத்துக்கொள்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூச்சியம். கருவி பொய் சொல்லவில்லை, தன் கையில் இருந்த இலக்கங்களை வைத்து நேர்மையாகத்தான் கணக்குப் போட்டது. "நெருங்கிக்கொண்டே போவது" என்ற எல்லையின் வரையறைக்கும், "ரொம்பச் சின்ன எண்ணைப் போட்டுப் பார்ப்பது" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு உதாரணம் கிடைக்கவில்லை.

மட்டு எக்ஸுக்கு (குறியை விட்டுவிட்ட எக்ஸ், |x|) பூச்சியத்தில் வகைக்கெழு இல்லை என்று புத்தகம் சொல்கிறது. கால்குலேட்டர் 0 என்று காட்டுகிறது. எது சரி?

புத்தகம்தான் சரி. இந்தக் கேள்வியால் நானே ஒருமுறை சங்கடப்பட்டேன். முதல் வருடம், கருவியை முன்னால் விட்டுப் பாடத்தைப் பின்னால் நடத்தினேன். ஒரு பையன் பள்ளித் தேர்வில் மட்டு எக்ஸின் வகைக்கெழு பூச்சியத்தில் 0 என்று எழுதி மதிப்பெண் இழந்தான். "டீச்சர், உங்க போன்தான அப்படிக் காமிச்சுச்சு" என்றான். பிழை என்னுடையது. ஊகத்தை முதலில் எழுதும் விதி அதற்குப் பிறகு வந்ததுதான்.

நடந்தது என்னவென்றால், டிஐ கருவிகளும், அதே முறையில் எழுதிய போன் நிரல்களும் வகைக்கெழுவை எண்ணாகக் கண்டுபிடிக்கும்போது புள்ளிக்கு வலப்பக்கம் 0.001, இடப்பக்கம் 0.001 தள்ளி இரண்டு மதிப்பை எடுத்துக் கழித்து 0.002-ஆல் வகுக்கின்றன. மட்டு எக்ஸுக்கு இரண்டு பக்கமும் உயரம் ஒன்றே. கழித்தால் பூச்சியம். நடுவில் இருக்கும் கூர்முனையை அது பார்க்கவே இல்லை. இதே முறையில் 1-இன் கீழ் எக்ஸ் என்ற சார்புக்குப் பூச்சியத்தில் கேட்டால் 10 லட்சம் என்று சொல்லும். சார்பே இல்லாத இடத்தில் சாய்வு!

இந்த இடத்தில் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, நிரலை இரண்டாகப் பிரித்து, வலப்பக்கச் சாய்வைத் தனியாக, இடப்பக்கச் சாய்வைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். 1, 1, 1 என்று ஒரு வரிசையும் -1, -1, -1 என்று ஒரு வரிசையும் வரும். இரண்டும் எத்தனை முறை ஓட்டினாலும் சேராது. வலப்பக்க வகைக்கெழு, இடப்பக்க வகைக்கெழு என்று பாடத்தில் வருவது இதுதான். இன்னொன்று, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எக்ஸ்² போன்ற வளைவரையை ஒரு புள்ளியில் விரலால் விரித்துக்கொண்டே போனால் கடைசியில் நேர்கோடாகத் தெரியும். மட்டு எக்ஸை எவ்வளவு விரித்தாலும் முனை முனையாகவே இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் உருண்டை, கிட்டப்போனால் தட்டை என்று நாம் நிற்கும் பூமியைப் போலத்தான் முதலாவது. இரண்டாவது அப்படி ஆவதே இல்லை.

சைன் எக்ஸ் வகுத்தல் எக்ஸ், 1-ஐ நெருங்கவேண்டும். எனக்கு 0.01745 வருகிறது.

கருவி டிகிரியில் இருக்கிறது. ரேடியனுக்கு மாற்றுங்கள். 991-இல் திரையின் மேலே டி என்றோ ஆர் என்றோ சின்னதாகத் தெரியும். 0.01745 என்பது பையை (π) 180-ஆல் வகுத்தால் வரும் எண். நுண்கணிதத்தில் ஏன் எப்போதும் ரேடியன் என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த எண்ணையே காட்டலாம். டிகிரியில் போனால் ஒவ்வொரு வகைக்கெழுவிலும் இந்த எண் வால்பிடித்து வரும்.

ஈ என்ற எண் எங்கிருந்து வந்தது? 2.718 என்று மனப்பாடம் செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் எழுதிய அதே வெட்டுக்கோட்டு நிரலை எடுங்கள். சார்பு இப்போது 2-இன் அடுக்கு எக்ஸ், புள்ளி பூச்சியம். 1, 0.7177, 0.6956, 0.6934 என்று இறங்கி 0.693 பக்கத்தில் நிற்கும். 3-இன் அடுக்கு எக்ஸுக்கு மாற்றினால் 1.0986 பக்கத்தில் நிற்கும். இரண்டுக்குச் சாய்வு ஒன்றுக்குக் கீழே, மூன்றுக்கு ஒன்றுக்கு மேலே. அப்படியென்றால் நடுவில் எங்கோ சாய்வு சரியாக 1 ஆகும் ஒரு எண் இருக்கத்தானே வேண்டும்?

இதற்குமேல் நான் பேசுவதில்லை. ஜியோஜீப்ராவில் அடிமானத்துக்கு ஒரு ஸ்லைடர் போட்டுக் கையில் கொடுத்துவிடுவேன். 2.5, 2.6, 2.7 என்று தள்ளி, 2.71, 2.72 என்று முன்னும் பின்னும் ஆடி, 2.718-இல் வந்து நிற்பார்கள். போன வருடம் ஒரு பிள்ளை, "இதுக்கு வகைக்கெழு எடுத்தா அதுவே வருதுன்னு சொன்னது இதனாலதானா மிஸ்?" என்றாள். பூச்சியத்தில் சாய்வு 1 என்றால், மற்ற இடத்தில் சாய்வு அந்த இடத்து உயரமே என்று அடுக்குக்குறி விதியை வைத்து அவளே இரண்டு வரியில் எழுதினாள். அந்த இரண்டு வரியை நான் எழுதிப்போட்டிருந்தால் அவள் நோட்டில் இறங்கியிருக்கும், மனதில் இறங்கியிருக்காது. மடக்கை தெரிந்தவர்கள் 0.693-உம் 1.0986-உம் யார் என்று தேடிப் பாருங்கள்.

இதையெல்லாம் எங்கள் கடற்கரை வேலையோடு சேர்த்துச் சொல்ல முடியுமா?

முடியும். என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் கடற்பாசி வளர்ப்பு இருக்கிறது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், அதில் 60 கிலோ விதைப்பாசி கட்டி, 45 நாளில் அறுப்பார்கள். கணக்குக்காக, 45-ஆம் நாள் 240 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கூடியது 180 கிலோ. நாளைக்கு 4 கிலோ சராசரி.

"தினமும் 4 கிலோவா வளருது?" என்று கேட்டேன். தெப்பம் கட்டும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி உடனே மறுத்தாள். "இல்ல மிஸ், முதல் பத்து நாள் பாசி தூங்கும், கடைசியிலதான் பொங்கும்னு அம்மா சொல்லுவாங்க." அந்த அம்மா சொன்னது அடுக்குக்குறி வளர்ச்சி. இருக்கும் அளவுக்குத் தக்கபடி வளரும் என்று எடுத்தால், 45 நாளில் நான்கு மடங்காவதற்கு நாளொன்றுக்கு வீதம் சுமார் 0.0308. 60 பெருக்கல் ஈ-இன் அடுக்கு 0.0308எக்ஸ் என்று வரைந்து, சாய்வைக் கேட்டோம். முதல் நாள் சுமார் 1.85 கிலோ. கடைசி நாள் சுமார் 7.4 கிலோ. சராசரியான 4 கிலோ சரியாக என்றைக்கு வருகிறது? பிள்ளைகளின் ஊகம் பெரும்பாலும் நட்டநடு, 22 அல்லது 23-ஆம் நாள். புள்ளியை நகர்த்திப் பார்த்தால் 25-ஆம் நாள்.

சராசரி மதிப்புத் தேற்றம் என்று பாடத்தில் பயமுறுத்தும் ஒன்று இருக்கிறதே, அது சொல்வது அவ்வளவுதான். சராசரி வேகத்தில் ஓடிய ஒரு கணமாவது நடுவில் இருந்தே தீரும். முதலும் முடிவுமான இரண்டு புள்ளியைச் சேர்த்து ஒரு கோடு போட்டு, அதற்கு இணையான தொடுகோடு 25-ஆம் நாளில் உட்காருவதைத் திரையில் பார்த்தோம். உண்மைப் பாசி கடைசிவரை இப்படி வளராது. தெப்பம் நெருக்கமானால் வேகம் தணியும், கடல் கொந்தளித்தால் அறுந்தும் போகும். அந்தத் திருத்தத்தையும் பிள்ளைகளே கேட்டார்கள். எப்போது அறுத்தால் லாபம் என்ற பெருமம், சிறுமக் கணக்கு அங்கிருந்து தானாக முளைத்தது.

தொகையிடலுக்கு நிரல் உதவுமா?

நன்றாக உதவும். எக்ஸ்²-இன் பரப்பை 0 முதல் 1 வரை எடுங்கள். பத்துச் செவ்வகம் போட்டால் இடது ஓரத்து உயரத்தில் 0.285, வலது ஓரத்து உயரத்தில் 0.385. நூறு போட்டால் 0.32835, 0.33835. உண்மை விடையான மூன்றில் ஒரு பங்கு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. செவ்வகங்களின் எண்ணிக்கையை ஸ்லைடரில் ஏற்றும்போது கோடுகள் நெருங்கிக் கறுத்துப்போவதைப் பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பார்கள்.

அதைவிட, படகில் எழுதிய கணக்கு எனக்குப் பிடிக்கும். அப்பாவோடு நாட்டுப்படகில் போன ஒரு பையனிடம், ஜிபிஎஸ் காட்டும் வேகத்தை அரை மணிக்கு ஒருமுறை எழுதிவரச் சொன்னேன். 0, 4, 5, 6, 7 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) என்று எழுதிவந்தான். இரண்டு மணி நேரம். ஒவ்வொரு அரை மணிக்கும் தொடக்க வேகத்தை எடுத்தால் 7.5 கடல் மைல். முடிவு வேகத்தை எடுத்தால் 11. இரண்டின் சராசரி 9.25. ஜிபிஎஸ் காட்டிய தூரம் "ஒன்பது மைல் சொச்சம்" என்றார் அவன் அப்பா. வேகத்தின் படத்துக்குக் கீழே உள்ள பரப்புதான் தூரம் என்பதை அவன் அப்புறம் மறக்கவே இல்லை. கால் மணிக்கு ஒருமுறை எழுதியிருந்தால் இரண்டு எண்ணும் இன்னும் நெருங்கியிருக்கும் என்று அவனே சொன்னான்.

சார்பு பூச்சியமாகும் இடத்தை (மூலத்தை) தொடுகோடு போட்டுத் தேடும் நியூட்டன் முறைக்கு நிரல் எழுதினேன், 0, 1, 0, 1 என்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது. நிரலில் பிழையா?

எக்ஸ்³ - 2எக்ஸ் + 2-ஐப் போட்டு, 0-இல் தொடங்கியிருப்பீர்கள். பிழை இல்லை. அந்தச் சார்பில் 0-இல் வரைந்த தொடுகோடு 1-இல் இறங்குகிறது, 1-இல் வரைந்தது 0-இல் இறங்குகிறது. வரைந்து பாருங்கள். தொடக்கத்தை -2 என்று மாற்றினால் சில படியில் மூலத்தைப் பிடித்துவிடும். எக்ஸ்² - 2-ஐ 1-இல் தொடங்கினால் 1.5, 1.4167, 1.41422 என்று மூன்றே படியில் வந்துவிடும்.

வகைக்கெழுச் சமன்பாடு வரை இதைக் கொண்டுபோகலாமா?

ஆய்லர் முறை ஒன்று போதும். இப்போதைய சாய்வை வைத்துச் சின்னச் சின்னப் படியாக முன்னே போவதுதான் அது. மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் முழுக்கக் கரைந்த கணத்தில் உள்ளே 0 டிகிரி, வெளியே 32 டிகிரி. உள்ளே சூடேறும் வேகம், வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தில் மணிக்குப் பத்தில் ஒரு பங்கு என்று வைப்போம் (பெட்டிக்குப் பெட்டி மாறும், இந்த எண் நான் வைத்துக்கொண்டது). ஒரு மணி நேரப் படியாக ஐந்து மணிக்கு ஓட்டினால் 13.1 டிகிரி. ஆறு நிமிடப் படியாக ஓட்டினால் 12.64. சமன்பாட்டைக் கையால் தீர்த்தால் 12.59.

நிரல் ஏன் எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே காட்டுகிறது? ஒவ்வொரு படியிலும் அது தொடுகோட்டின் மேல் நடக்கிறது. இந்த வளைவரை கீழ்நோக்கிக் குழிந்தது, தொடுகோடு எப்போதும் அதற்கு மேலேதான் இருக்கும். இரண்டாம் வகைக்கெழுவின் குறி எதற்கு என்று கேட்டவர்களுக்கு இங்கே ஒரு பயன் கிடைக்கிறது.

நான் தமிழ் வழி. நிரல் எல்லாம் ஆங்கிலமாக இருக்கிறதே?

பைத்தானில் கட்டளைச் சொற்கள் பத்துப் பன்னிரண்டுதான் தேவைப்படும், அவை ஆங்கிலம். ஆனால் மாறிகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். சாய்வு, இடைவெளி, பரப்பு, படி என்று பெயர் வைத்து எழுதினால் நிரலைப் படிக்கும்போதே பாடம் நினைவுக்கு வரும். என் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

நெட்டில் கிடைக்கும் நிரலை அப்படியே எடுத்துப் போடலாமா? ஏஐ-யிடம் எழுதி வாங்கலாமா?

முதல் மூன்று நிரலை (வெட்டுக்கோடு, செவ்வகம், ஆய்லர்) நீங்களே எழுதுங்கள். வெட்டுக்கோட்டு நிரலைத் தப்பில்லாமல் எழுதத் தெரிந்துவிட்டால் வகைக்கெழுவின் வரையறை தெரிந்துவிட்டது என்று பொருள். அதை இன்னொருவர் எழுதித் தந்தால் அந்தப் பாடமே கைவிட்டுப் போகிறது. அதற்குப் பிறகு வேண்டுமானால் எடுங்கள், ஆனால் ஒரு வரியை மாற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாத நிரலை ஓட்டாதீர்கள்.

டீச்சர், எம்மவன் போனைக் கையில எடுத்தா கணக்குப் போடுறானா, ரீல்ஸ் பாக்குறானான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?

நோட்டைக் கேளுங்கள். "என் ஊகம்", "வந்தது" என்ற இரண்டு பத்தியும் நிரம்பியிருந்தால் படித்திருக்கிறான். உங்களுக்குக் கணக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. "இந்த ஊகம் ஏன் தப்பாப் போச்சு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அவன் சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும். விசைப்படகுக்குப் போகும் அப்பாமார் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் கரையில்தான் இருக்கிறீர்கள். பதினொன்று முடித்த பிள்ளைக்கும் அதில் பெரும்பகுதி விடுமுறை. காற்றும் நீரோட்டமும் பார்த்து வலை விடுகிற உங்களுக்கு "எவ்வளவு வேகமாக மாறுகிறது" என்ற கேள்வி புதிதில்லை. பக்கத்தில் உட்காருங்கள்.

எங்கள் வீட்டில் ஒரே போன், அதையும் அப்பா கடலுக்கு எடுத்துப் போய்விடுவார். நான் என்ன செய்வது?

என் வகுப்பில் எட்டுப் பேருக்கு ஒரு போன்தான். ஒருவர் எண்ணைப் படிப்பார், ஒருவர் கரும்பலகையில் புள்ளி வைப்பார், மற்றவர்கள் ஊகம் எழுதுவார்கள், அடுத்த கணக்குக்கு ஆள் மாறும். போன் வைத்திருப்பவர் திரையை யாருக்கும் காட்டக்கூடாது, எட்டுப் பேரும் வளைவரையைத் தாளில் வரைந்து முடித்த பிறகுதான் திருப்பவேண்டும். பக்கத்து வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் இப்படிச் சேர்ந்து உட்காருங்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் திண்ணையிலும் நடக்கிறது. வரும்போது வரைபடத் தாளும் பென்சிலும் கொண்டுவாருங்கள்.